துரைமார் சம்பளமும் துண்டுக் கடதாசியும்

கல்கிசை ஹோட்டலுக்குப் போய் வருகிறவர்கள் தேசாதிபதி மெயிட்லண்ட், நடனக்காரி லவினியா, இரகசியச் சுரங்கம் என்று காதல் கதையோடு திரும்பி வருவார்கள். என் கண் இன்னொருவர் மேல். 1820களில் அந்த மாளிகையைப் பெருப்பித்துக் கட்டிய தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ். கூலி விஷயத்தில் மனுசன் லேசுப்பட்டவரல்ல.

கண்டி ராசாக்கள் விட்டுப்போன ராஜகாரியம் அவர் கையில் கிடைத்தது. காணி வைத்திருப்பவன் அரசுக்குச் சும்மா உழைக்க வேண்டும். அந்த ஆட்களைக் கொண்டே கொழும்பு–கண்டி ரோட்டைப் போட்டார். பிறகு அவருக்கே கோப்பி ஆசை பிடித்தது. கன்னொறுவையில் தோட்டம் போட்டார். உடனே கோப்பிக்கு ஏற்றுமதி வரி இல்லை; கோப்பித் தோட்டத்தில் வேலை செய்பவனுக்கு ராஜகாரியமும் இல்லை! தோட்டக்காரரே சட்டமும் எழுதினால் நிர்வாகம் எவ்வளவு இலகு.

ஆனாலும் சொந்த வயல் வைத்திருந்த கண்டிக் கிராமத்தான் எட்டிப்பார்க்கவில்லை. 1828இல் தென்னிந்தியாவிலிருந்து 150 பேரைக் கொண்டுவந்தார்கள். ஒரு வருசத்துக்குள் ஒருவரும் மிஞ்சவில்லை. மனு எழுதத் தெரியாத சனம். நடையைக் கட்டத் தெரிந்திருந்தது.

அடுத்த அடி துரைமார் தலையிலேயே விழுந்தது. 1832இல் ராஜகாரியத்தை ஒழித்த கையோடு, லண்டன்காரர்கள் சிக்கனம் பேசி வெள்ளை உத்தியோகத்தரின் சம்பளத்தை வெட்டினார்கள், பென்சனும் போச்சு. துரைமார் கொடி பிடிக்கவில்லை. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு அரசாங்கக் காட்டை வாங்கிக் கோப்பி நட்டார்கள். விற்கிற கந்தோரும் அவர்களுடையது, வாங்குகிற கையும் அவர்களுடையது. தேசாதிபதி ஸ்டூவர்ட் மெக்கென்ஸியும் வாங்கினார், குடியேற்ற நாட்டுச் செயலாளர் அன்ஸ்ட்ரதரும் வாங்கினார். பெரியவர்களே இப்படியென்றால் கச்சேரி வேலை யார் தலையில்? 1845இல் லண்டன் இறங்கி வந்தது: சம்பளம் கூடியது, பென்சன் திரும்பியது, தோட்டம் வைக்கத் தடை. பன்னிரண்டு பதின்மூன்று வருசத்தில் துரைமாருக்கு நியாயமான சம்பளம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது.

அதே மலைகளில், பிறகு தோட்ட வேலைக்கு வந்த தமிழ்ச் சனத்துக்கு வேறு கணக்கு. ஆள் தட்டுப்பாடு வந்தால் கூலி ஏறவேண்டும் என்றுதான் பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். தோட்டத் துரைமாரும் படித்தவர்கள்தான், ஒருவர் ஒரு சதம் கூட்டினால் எல்லாரும் கூட்ட வேண்டிவரும் என்பது தெரியும். எனவே கூலியைத் தொடாமல், ஆட்களைத் திரட்டி வேலை வாங்கும் கங்காணிக்கு முற்பணத்தைக் கூட்டினார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் இதற்கு ஒரு கடதாசியும் பிரபலமானது. அதுதான் துண்டு. 'இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் ஆட்களையும் விடுகிறேன்' என்று துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அதைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் பேரம் பேசுவார். அடுத்த துரை பழைய கடனை அடைத்து, மேலே கொஞ்சம் போட்டு ஆட்களை எடுப்பார். காசு கங்காணி மடியில், கடன் தொழிலாளி பற்றில். போட்டி கூடக்கூட ஆளின் விலை ஏறியது. அவன் கூலி இருந்த இடத்திலேயே இருந்தது. இதைச் சந்தை என்றும் சொன்னார்கள், வெட்கமில்லாமல்.

1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது 1927இல். 1828இல் நடையைக் கட்டிய அந்த 150 பேரிலிருந்து எண்ணினால் 99 வருசம். மலைநாட்டில் அதன்கீழ் நிர்ணயித்த நாட்கூலி: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.