அனுபவம் உண்டா?

கேள்வி: வணிகவியலில் பட்டம் பெற்று ஓராண்டாயிற்று. தினமும் லோக்கல் ரயிலேறி அலுவலகங்களைச் சுற்றுகிறேன். எங்கும் 'அனுபவம் உண்டா?' என்கிறார்களே?
- ஒரு வாசகர், தாராவி, மும்பை

பதில்: வேலை தேடுவதில் ஓராண்டு அனுபவம் உண்டென்று சொல்லிப் பாருங்களேன்! பரிகாசம் கிடக்கட்டும். சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று, மாதுங்காவில் உறவினர் வீட்டு மூலையில் பாய் விரித்த தென்னிந்தியர்களுக்குக் கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் உத்தியோகம் சித்தித்த காலமொன்று இருந்தது. அந்த சௌபாக்கியத்தைப் பொறாது, 1960-களில் 'மார்மிக்' என்ற மராத்திப் பத்திரிகை தென்னிந்திய உத்தியோகஸ்தர்களின் பெயர்களைப் பட்டியலிட்டுப் பிரசுரித்தது. இன்றோ, அத்தகைய பட்டியலில் ஏறி வசைபெறுவதற்கும் முதலில் உத்தியோகம் வேண்டியிருக்கிறது! 1982 ஜனவரி 18-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாய் மூடுண்டமையால், அவை இருந்த பரேல் பக்கம் போயும் பிரயோஜனமில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவசியம் பதிவு செய்யுங்கள். ஆயினும், காலியிடங்களை அறிவிக்கும்படி முதலாளிகளைக் கட்டாயப்படுத்திய 1959-ஆம் ஆண்டுச் சட்டம், அங்கிருந்தே ஆளெடுக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தவில்லை. பெண் பார்க்க வந்தே தீரவேண்டும், கட்டிக்கொள்வது உங்கள் சித்தம் என்பதுபோல!

தாங்கள் தினமும் கடந்து ரயிலுக்கு ஓடுகிற தோற்பைப் பட்டறைகளிலும் தையற்கூடங்களிலும் ஜி.எஸ்.டி. கணக்கெழுத ஆள் தேவைப்படலாம். அங்கே பட்டத்தைக் காட்டிலும், 'யார் அனுப்பினார்?' என்பதே பெரிய கேள்வி. அதற்கொரு பதிலும் சற்று மராத்தியும் சம்பாதித்துக்கொண்டு, நாளைக் காலை ரயிலேறுமுன் அப்பட்டறைகளுள் ஒன்றில் நுழைந்து கேளுங்கள்.