மைக்ரானும் சிகரெட் அட்டையும்

1980-ல் ஓசூருக்கு அசோக் லேலண்ட் லாரி ஆலை வந்தது. டி.வி.எஸ். 50 ஓடத் தொடங்கியதும் அதே வருஷம்தான். சில வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு ஒரு பிரீமியர் பத்மினி வந்தது, மூன்றாவது கையாக. முதல் இரண்டில்தான் ஓடியது. எங்கள் கைக்கு வந்த பிறகு பெரும்பாலும் நின்றது.

அதனால் நஷ்டமில்லை. சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களில் பாதிப் பேர் டர்னர், ஃபிட்டர். மீதிப் பேர் அவர்களுக்கு யோசனை சொல்கிறவர்கள். பானெட்டைத் திறந்தால் தெருவே கூடிவிடும். ஒருவர் தமிழில் கார்புரேட்டர் அடைப்பு என்பார். இன்னொருவர் தெலுங்கில் கண்டென்சர் போச்சு என்று தீர்ப்பளிப்பார். எதிர்வீட்டுக் கன்னடக்காரர் பேசாமல் பெட்ரோல் முள்ளை எட்டிப் பார்ப்பார். அநேகமாக அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

பாயிண்ட் கருகினால் உப்புத்தாளால் தேய்ப்போம். ஃபீலர் கேஜ் யார் வீட்டிலோ இருக்கும். அகப்படாவிட்டால் சிகரெட் அட்டை. வைக்கவேண்டிய இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பகலெல்லாம் கம்பெனியில் மைக்ரான் கணக்கில் அளந்தவர்கள் சாயங்காலம் சிகரெட் அட்டையால் அளந்தார்கள். வண்டியும் கிளம்பியது. கிடைக்காத சாமானுக்கு பெங்களூர் ஜே.சி. ரோடு இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக மேடேறும்போதுதான் பத்மினியின் குணம் தெரியும். சித்திரை வெயிலில் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் அணையும். ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிக் காத்திருக்க வேண்டும். என் மனைவி அதற்கென்றே ஒரு துண்டு வைத்திருந்தாள். பிறந்த வீட்டுக்குப் போகும்போது பலகாரத்துக்கு முன்னால் அதுதான் பையில் ஏறும்.

இன்று அந்தச் சாலை ஆறு வழி. மகனுடைய கார் எந்த மேட்டிலும் நிற்பதில்லை. மஞ்சள் விளக்கு மட்டும் ஒருநாள் எரிந்தது. பானெட்டைத் திறந்தேன், ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. தெருவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சர்வீஸ் சென்டர் பையன் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "சென்சார் போயிடுச்சு அங்கிள், மாத்தணும்" என்றான்.

"கழற்றித் துடைச்சுப் பார்க்கலாமாப்பா?"

"வாரண்டி போயிடும் அங்கிள்."

அவனைக் குறை சொல்லவில்லை. பத்மினி உற்பத்தி நின்றபோது அவன் பிறந்தே இருக்கமாட்டான். தவிர, நாங்கள் ரிப்பேரில் கெட்டிக்காரர்கள் ஆனதே வண்டி அவ்வளவு மட்டமாக இருந்ததால்தான்.

இதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் இப்போது மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். கார்புரேட்டரும் இல்லை, பாயிண்ட்டும் இல்லை. பத்மினிக்கோ 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் சாமான்களுக்கு அது ஆகாது. 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000. வயதானவர்களுக்குச் சலுகை ரயிலிலும் போனது, ரோட்டிலும் போனது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் மாமா வீட்டுக் கொட்டகையில் பத்மினி ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரையும் பெட்ரோல் பம்பையும் கழற்றி வையுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், மகனுடைய காரில்.