மட்கார்டில் ஒரு மஞ்சள் கோடு

கடலோர ஊர்க்காரர்கள் உப்புக்காற்றைக் குறை சொல்வார்கள். நீலகிரியில் உப்புக்காற்று கிடையாது. ஆனாலும் வண்டி துருப்பிடிப்பதில் எங்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜெகதளாவில் ஆடிச் சாரல் ஓய்ந்து மண் காய்வதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். அது விட்டால் மார்கழிப் பனி. மட்கார்டுக்கு உள்ளே அப்பிய சேறு வருஷத்தில் பாதி நாள் ஈரமாகவே இருக்கும். துரு வெளியிலிருந்து வருவதில்லை. உள்ளே உட்கார்ந்து தகரத்தைத் தின்று முடித்துவிட்டு, கடைசியில்தான் பெயிண்டில் ஒரு கொப்புளமாக முகம் காட்டும்.

அப்பாவின் ஜீப்புக்கு இன்னொரு எதிரியும் இருந்தது. பச்சைத் தேயிலை மூட்டைகளை ஃபேக்டரியில் இறக்கிவிட்டு, திரும்பும்போது உர மூட்டை ஏற்றி வருவார். பொட்டாஷ் என்று நாங்கள் சொல்லும் உரம், வேதியியல்படி பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்குப் பங்காளி. சாக்கிலிருந்து சிந்தியது ஈரத்தில் கரைந்து பின்பக்கத் தளத்தின் மடிப்புகளில் போய்த் தங்கும். கடல் இல்லாத ஊருக்கு உப்பு இப்படிச் சாக்கில் வந்து சேர்ந்தது.

அந்த ஜீப்பை வாழவைத்தது, அருவங்காட்டிலிருந்து குன்னூர் போகும் வழியில் இருந்த ஒரு தகரக் கொட்டகைதான். டிங்கர் மேஸ்திரி சமவெளியிலிருந்து வந்தவர். கொட்டகையின் மூலையில் கார்பைடு டிரம் இருக்கும். மாம்பழம் பழுக்க வைக்க இன்று திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்களே, அதே கல்தான். அதன்மேல் தண்ணீர் பட்டால் அசெட்டிலின் வாயு கிளம்பும். பூண்டு வாடை போன்ற ஒரு நெடி கொட்டகை முழுக்கச் சுற்றும். டிரம்மில் மிஞ்சுவது சுண்ணாம்புக் கூழ். அதை வீணாக்காமல் கொட்டகைச் சுவருக்கே வெள்ளையடித்து வைத்திருந்தார். பக்கத்தில் கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டர். இரண்டு ரப்பர் குழாய்களும் ஒரு பித்தளைக் கைப்பிடியில் வந்து சேரும்.

மட்கார்டு ஓரத்தில் ஒரு கிழிசல் என்றால் அவர் உடனே நெருப்பைப் பற்றவைக்க மாட்டார். முதலில் துரு தின்ற பகுதியைக் கத்தரித்து எடுப்பார். பெயிண்டை இரண்டு பக்கமும் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை எமரித் தாள் போடுவார். ஒட்டுத்தகரத்தை விளிம்புக்கு விளிம்பாக வைக்காமல், அரை அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்துத் தட்டிப் பொருத்துவார். இங்கே அவர் செலவழித்த நேரத்தில் பாதிகூட நெருப்புக்குச் செலவானதில்லை. பிறகு நீலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பித்தளை ராடின் நுனியைச் சுடவைத்து வெங்காரப் பொடியில் முக்குவார். பொடி நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். இணைப்பின்மேல் நெருப்பை அலைத்து அலைத்துக் காட்டுவார். தகரம் மங்கிய சிவப்புக்கு வந்ததும் வெங்காரம் உருகிப் பளபளவென்று பரவும். அந்த நொடியில் ராடை ஒரு தடவை தொடுவார். திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி இரண்டு தகரத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் பித்தளை தானாகவே ஏறும். விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு ஓடும். ஆறிய பிறகு வெந்நீர் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கண்ணாடி போலப் படிந்த வெங்காரத்தைப் போக்கினால்தான் வேலை முடியும். அது மிஞ்சினால் பெயிண்ட் அங்கேயே உரியும்.

அப்பா பக்கத்தில் நின்று, “முழுசா வெல்டிங்கே அடிச்சிடலாமே மேஸ்திரி, பித்தளை தாங்குமா?” என்று கேட்டார்.

“மட்கார்டு என்ன பாரமா தூக்குது கவுடரே? சேத்தைத் தடுக்குது. அதுக்கு இது போதும். சேசிஸ்ல விரிசல் விட்டா அப்பச் சொல்லுங்க, அது வேற வேலை.”

இன்று யோசிக்கும்போது அந்தப் பதிலில் முழுத் தொழில்நுட்பமும் இருக்கிறது. பித்தளை சுமார் 900 டிகிரி செல்சியஸில் உருகும். இரும்புத் தகரம் உருக 1500 டிகிரியை நெருங்க வேண்டும். பித்தளை வைக்கும்போது தகரம் உருகுவதே இல்லை. பித்தளை மட்டும் உருகி இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. வெல்டிங்கில் இரண்டு இரும்பும் உருகி ஒன்றாகக் கலக்கின்றன. பித்தளை இணைப்பின் பலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் அகலத்தில் இருக்கிறது. அகலம் இருந்தால் இழுவைக்கு நன்றாகத் தாங்கும். விளிம்போடு விளிம்பாக வைத்து மேலே பூசினால் ஆட்டத்தில் ஒருநாள் விட்டுவிடும். ஜீப்புக்குப் பாரம் தாங்கும் சட்டம் தனி, மேலே போல்ட் போட்டு மாட்டிய தகரம் தனி. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கும் அதே அமைப்புத்தான். அந்தக் காலத்து வண்டிகளின் வெளித்தகரத்துக்குப் பித்தளை பொருத்தமான வைத்தியம்.

மேஸ்திரி அதற்குக் கொடுத்த விலையை யாரும் கணக்கில் எழுதவில்லை. பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். நெருப்பு கொஞ்சம் கூடினாலும் வெள்ளைப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரியே குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும், மறுநாள் போய்விடும். உலோகப்புகைக் காய்ச்சல் என்று மருத்துவத்தில் அதற்குப் பெயர் உண்டு. மேஸ்திரி அதை மலைக்குளிர் என்று நினைத்துக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். குளிருக்குப் பயந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தவர் அவர். கதவைத் திறந்து வையுங்கள் என்று சொல்ல அன்று ஒருவரும் இல்லை.

பிறகு மாருதி வந்தது. 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் முதல் சாவி கொடுக்கப்பட்டது. கொஞ்ச காலத்தில் குன்னூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அம்பாசிடருக்கும் ஜீப்புக்கும் நடுவே சின்னச் சின்ன வண்டிகள் நிற்கத் தொடங்கின. அம்பாசிடர் ஒரு டன்னைத் தாண்டும். மாருதி 800 சுமார் 650 கிலோ. அதன் மெல்லிய தகரத்தில் கேஸ் நெருப்பை அலைத்தால் சூடு வட்டமாகப் பரவி, கதவின் நடுப்பகுதி நெளிந்துபோகும். பித்தளை குறைந்த சூட்டில் உருகுவது உண்மைதான். ஆனால் கேஸ் நெருப்பு அந்தச் சூட்டை உள்ளங்கை அகலத்துக்குக் கொண்டுபோகிறது. பட்டறைகளுக்குப் புதிதாக வந்த சிஓ2 வெல்டிங் மிஷின் இரும்பையே உருக்கினாலும், ஒரு பொட்டு இடத்தில் கண் சிமிட்டும் நேரத்தில் உருக்கி விட்டுவிடும். குறைந்த சூடு என்றால் குறைந்த நெளிவு என்று பலரும் சொல்வதைக் கேட்கிறேன். எத்தனை டிகிரி என்பதோடு எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பித்தளைக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு நெளிவு மட்டும் காரணம் இல்லை. மாருதிக்குத் தனிச் சட்டம் கிடையாது. தளம், தூண்கள், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு எல்லாம் சேர்ந்த கூடுதான் வண்டியைத் தாங்குகிறது. அந்த ரன்னிங் போர்டு துருப்பிடித்தபோது சில பேர் ஒரு தகரத்தை வைத்துப் பித்தளையால் அங்கங்கே பிடித்து, பட்டி பார்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்து விற்றார்கள். அதை வாங்கியவர் மேட்டுப்பாளையம் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவிலும் குடும்பத்தோடு இறங்குவார். ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் கூடு முறுக்கும். ஜீப்பின் மட்கார்டு சேற்றைத் தடுத்ததைப் போன்ற வேலை இல்லை இது. இந்த ஏமாற்றை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பிரிட்டனில் வருடாந்திர வண்டிச் சோதனையில் பாரம் தாங்கும் இடங்களில் பித்தளை ஒட்டை ஏற்பதில்லை, விடாமல் ஓடும் வெல்டிங்தான் வேண்டும். அந்த விதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் ஏமாற்றியவர்களின் பழி பித்தளையின்மேல் விழுந்ததும், ‘பித்தளை வச்ச வண்டியா?’ என்று கேட்டே பழைய வண்டிகளின் விலையை அடித்ததும், ஒழுங்காக வேலை செய்த கொட்டகைகளின் பிழைப்பைச் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் தயாரிப்பும் ஒரே வருஷத்தில், 2014-இல் நின்றது. மலையில் இரண்டும் இன்னும் ஓடுகின்றன. தங்கை மகன் கோயம்புத்தூரில் வேலை செய்கிறான். ஜெகதளா வீட்டுக்குப் பின்னால் தாத்தா காலத்து உரக் கொட்டகையைக் காலி செய்து, ஒரு பழைய 800-ஐ நிறுத்தி, லீவு நாட்களில் தானே பழுது பார்க்கிறான். ஒரு ஆள் தூக்கிவிடக்கூடிய இன்வெர்ட்டர் மிக் வெல்டிங் மிஷின் வாங்கியிருக்கிறான். வீட்டு சிங்கிள் ஃபேஸிலேயே ஓடும். மேஸ்திரியின் கொட்டகையில் கனவுகூடக் காண முடியாத வசதி.

“மாமா, மட்கார்டுக்குப் பித்தளை வைக்கலாம்னு பார்க்கிறேன். பைத்தியக்காரத்தனம்னு பிரெண்ட்ஸ் சொல்றாங்க” என்றான்.

அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வீட்டில் செய்கிறவர்கள் முதலில் செய்வது, கையில் இருக்கும் ஆர்க் வெல்டிங் ராடால் கதவுத் தகரத்தைத் தொடுவது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகரம் அது. ஒட்டுவதற்குப் பதில் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்கப் போனால் இன்னும் பெரிய ஓட்டை. மெல்லிய கம்பி ஓடும் மிக் மிஷினில் 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பி போட்டு, ஒரு பொட்டு இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, நடுவில் ஆறவிட்டு வைத்தால் நெளியாது. கேஸ்தான் இருக்கிறது என்றால், எல்பிஜியும் ஆக்சிஜனும் சேர்ந்த நெருப்பு பித்தளைக்குப் போதும். இரும்பை உருக்கி வெல்டிங் செய்ய அது லாயக்கில்லை. எப்படியானாலும் பேட்டரி வயரைக் கழற்று, பெட்ரோல் டேங்க்கை இறக்கு, உள்பக்கத்துத் தார்ப்பூச்சையும் சீட்டுப் பஞ்சையும் அகற்று, கதவைத் திறந்து வை. கடைசிச் சொல்லைச் சொல்லும்போது எனக்கு மேஸ்திரியின் இருமல் காதில் கேட்டது.

இன்னொன்றையும் சொன்னேன், அவன் நம்பவில்லை. பித்தளையின் உறவுக்காரன் ஒருவன் இப்போது பெரிய கார் கம்பெனிகளுக்குள்ளேயே வேலை பார்க்கிறான். புதிய கார்களின் தூண்களுக்குள் வைக்கும் மிக வலுவான எஃகு, வெல்டிங் சூட்டில் பலத்தை இழக்கும். துருவைத் தடுக்கப் பூசிய துத்தநாகமும் கருகிப் போகும். அதனால் செம்பில் 3 சதவீதம் சிலிக்கான் கலந்த கம்பியை மிக் மிஷினில் போட்டு, ஆர்கான் வாயுவில், இரும்பை உருக்காமல் ஒட்டுகிறார்கள். மிக் பிரேசிங் என்று பெயர். கார் தயாரிப்பாளரே எந்த இடத்தில், எந்தக் கம்பியால் என்று பழுதுபார்ப்புக் கையேட்டில் எழுதித் தருகிற இடத்தில் பாரம் தாங்கும் பகுதிக்கும் அது செல்லும். கூரையும் பக்கவாட்டும் சேரும் கோட்டைச் சில கம்பெனிகள் லேசரால் இதே முறையில்தான் ஒட்டுகின்றன. தகரக் கொட்டகையில் ஏளனத்துக்கு ஆளான அதே தத்துவம், ரோபோவின் கையில் மரியாதையோடு நிற்கிறது. அதற்காக நம் ரன்னிங் போர்டில் வெங்காரமும் ராடும் வைக்கலாம் என்று அர்த்தமில்லை. அந்தக் கம்பி வேறு, அந்தக் கணக்கு வேறு.

அவன் மிஷினிலேயே கம்பியையும் வாயுவையும் மாற்றினால் இந்த வேலை நடக்கும் என்று தெரிந்ததும், கோயம்புத்தூரிலிருந்து ஆர்கான் சிலிண்டரும் ஒரு சுருள் செம்புக் கம்பியும் ஜெகதளா வந்து சேர்ந்தன. வரிசையை மட்டும் நான் பிடிவாதமாகச் சொன்னேன்: வெல்டிங் எல்லாம் முதலில், பித்தளையோ செம்போ பிறகு. ஒருதரம் பித்தளை ஏறிய இடத்தில் வெல்டிங் வைத்தால், உருகிய செம்பு எஃகின் மணிகளுக்கு நடுவே புகுந்து விரிசல் விடும். சுரண்டினால் போகாது, அந்தத் தகரத்தையே வெட்டி எறிய வேண்டும்.

ரன்னிங் போர்டை அவன் நல்ல இரும்பு வரைக்கும் வெட்டி எடுத்து, புதுத் தகரம் மடித்து, விடாமல் வெல்டிங் வைத்தான். மட்கார்டின் உதட்டில் செம்புக் கம்பி. மேஸ்திரி வைத்ததைவிடக் கோடு மெலிதாக வந்திருக்கிறது, ஆனால் அதே நிறம். அரம் போட மெதுவாக இருப்பதால் தகரத்தைத் தேய்த்து மெலிய வைக்காமல் சமப்படுத்த முடிந்தது. பட்டி தாள் கனத்துக்குத்தான் தேவைப்பட்டது. இனி உள்பக்கம் மெழுகெண்ணெய் பீய்ச்ச வேண்டும். அதற்கு முன்னால் ரன்னிங் போர்டின் அடியில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய தகரத்தில் அவை மூன்றும் சேற்றால் அடைந்திருந்தன, துரு அங்கிருந்துதான் ஏறியிருந்தது.