திருகோணமலையில் ரவைக்குப் பஞ்சமாம்

பொழுதுபோக்குக்குத் துவக்குச் சுடுகிற கனவான்களுக்கு வந்திருக்கும் துன்பத்தைக் கேட்டால் கல்லும் கரையும். வெயில் தாழ்ந்த சனிக்கிழமை, காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி, ஐம்பது மீற்றர் தள்ளிக் கடதாசி வட்டம். எல்லாம் தயார். பெட்டியைத் திறந்தால் ரவை இல்லை. ‘பொயின்ட் டூ டூ’ என்கிற அந்தச் சின்ன ரவைக்குத்தான் இவ்வளவு ஏக்கம். அதன் கோதின் அடிவிளிம்பில் வெடிகலவை இருக்கும்; ஊசி விளிம்பில் தட்டினால் சூடு கிளம்பும். விலை மலிவு, சத்தம் குறைவு, தோள் நோகாது. தகரப்பேணி அடிக்கவும் அதுதான், ஒலிம்பிக்கில் ஐம்பது மீற்றர் சுடவும் அதுதான். வெடித்த கோதை வீட்டில் வைத்து மறுபடி நிரப்பிக்கொள்வது நடக்கிற காரியமல்ல. கடையில் இல்லையென்றால் இல்லைதான். 2022-ல் டொலர் தீர்ந்துபோன நாட்டில், மாவுக்கும் மருந்துக்கும் பிறகு வரிசையில் இந்த ரவை எங்கே நின்றிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இந்தத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க உலகத்தில் பல உபாயங்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். காற்றுத் துவக்குக்கு மாறு. ஒரு நாளுக்கு இத்தனை வெடி என்று மட்டுப்படுத்து. ரவையே போடாமல் வெறும் துவக்கைப் பிடித்துக் குறிபார்த்துப் பழகு. கடைசி உபாயத்துக்கு யாராவது ஆசான் தேடினால் திருகோணமலைக்கு வரலாம். எங்களுக்கும் குறியோடு நல்ல பழக்கம் உண்டு. நாங்கள் பழகியது மறுமுனையில் நின்று.

இந்த ரவைப் பஞ்சத்தின் தாய்வீடு அமெரிக்கா. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தில், நியூடவுன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் 20 சின்னப் பிள்ளைகளையும் பெரியவர்கள் 6 பேரையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். பள்ளிக்குப் புறப்படுமுன் வீட்டில் பெற்ற தாயைக் கொன்றது ஒரு பொயின்ட் டூ டூ துவக்கால். நாடு அழுதது. அழுத கையோடு கடைக்கு ஓடியது. ‘இனிச் சட்டம் வரும், துவக்கைப் பிடுங்குவார்கள்’ என்ற பயத்தில் பெட்டி பெட்டியாக ரவை வாங்கி நிலவறையில் அடுக்கினார்கள். 2013 ஜனவரியில் வோல்மார்ட் கடைகள் ஆளுக்கு ஒரு நாளில் மூன்று பெட்டிதான் என்று கட்டுப்பாடு போட்டன. மற்ற ரவைகள் தட்டுக்குத் திரும்பிய பிறகும் இந்தச் சின்ன ரவை பல வருடம் கண்ணில் படவில்லை. பயந்தபடி நாடு முழுவதற்குமான சட்டம் மட்டும் வரவே இல்லை. பிள்ளைகள் செத்ததில் அந்த நாட்டுக்கு நேர்ந்த பெருங்குறை, சனிக்கிழமை விளையாட்டுக்கு ரவை கிடைக்காமல் போனது.

சரி, அது அவர்கள் ஊர். நம் ஊருக்கு வருவோம்.

திருகோணமலையில் பொழுதுபோக்குச் சூட்டுக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. நிலாவெளிக் கரைக்கு எதிரே இருக்கும் புறாத்தீவை வெள்ளைக்காரன் சுட்டுப் பழகும் இலக்காக வைத்திருந்தான். பவளப்பாறையும் மாடப்புறாவும் குடியிருந்த இடம். பார்க்க அழகாக இருந்ததால் குறிபார்க்கவும் வசதியாக இருந்திருக்கும். 2003-ல் அது தேசியப் பூங்கா ஆனது. இப்போது அங்கே கால் வைக்க நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் போனான், துறைமுகம் நின்றது. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பிப்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று படிப்பிப்பதில்லை. உள்துறைமுகத்தில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை, பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவம். கோணேசரைக் கும்பிடப் போகிறவன்கூட இராணுவ வாசலால்தான் போக வேண்டும். 2022-ல் பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்றபோது, சீனக்குடாப் பக்கம் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளில் பெரும்பாலானவை காட்டுக்குள் நின்றன. அதே ஆண்டு மே 10-ல், கொழும்பில் சனம் துரத்திய முன்னாள் பிரதமர் மகிந்த ராஜபக்ச குடும்பத்தோடு ஹெலிகொப்டரில் வந்து இறங்கியதும் இங்கேதான், கடற்படைத் தளத்துக்குள். வாசலில் சனம் கூடிக் கத்தியது. உள்ளே அவர் பத்திரமாக இருந்தார். பாதுகாப்பு அமைச்சுக்கு ஆண்டுக்கு 400 பில்லியன் ரூபாய்க்கு மேல் ஒதுக்குகிற நாட்டில், அவ்வளவு பெரிய படைத்தளம் இருக்கிற ஊரில், ரவைக்குத் தட்டுப்பாடு என்று ஒருவன் சொன்னால், அவன் யாருக்குத் தட்டுப்பாடு என்று சொல்ல வேண்டும்.

கந்தளாய்க்கோ தம்பலகாமத்துக்கோ வெருகலுக்கோ போய் ஒரு விவசாயியிடம் கேளுங்கள். சூல்கொண்ட நெல்லுக்குள் யானை இறங்குகிறது, மரவள்ளிக்குப் பன்றி, தென்னைக்குக் குரங்கு, விதைத்த பயறுக்கு மயில். முன்னொரு காலத்தில் உரிமம் பெற்ற சொட்கன் சில வீடுகளில் இருந்தது. போர் தொடங்கியதும் ஒரு பக்கம் அரசாங்கம் கொண்டுவந்து ஒப்படை என்றது, மறுபக்கம் ஆயுத இயக்கங்கள் வந்து எடுத்துக்கொண்டு போயின. விவசாயியின் துவக்கு விஷயத்தில் மட்டும் இரண்டு தரப்புக்கும் நல்ல ஒற்றுமை இருந்தது.

இன்றைக்கு ஒருவன் அதைத் திரும்பப் பெற நினைத்தால் 1916-ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் காத்திருக்கிறது. விண்ணப்பம், பொலிஸ் அறிக்கை, மாவட்டச் செயலகம், பாதுகாப்பு அமைச்சு. உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதையெல்லாம் தாண்டினால் துவக்குக்கும் தோட்டாவுக்கும் போக வேண்டிய இடம் வெலிசறை. வணிக வெடிபொருள், சுடுகலன், ரவைக் கொள்வனவுப் பிரிவு என்று ஒன்று அங்கே இருக்கிறது. அதை நடத்துவது கடற்படை. கூப்பிடு தூரத்தில் கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தையே வைத்துக்கொண்டு, அதே கடற்படையிடம் தோட்டா வாங்க நம்மவன் நாட்டின் மறுகரைக்குப் பஸ் ஏறுகிறான். அவன் திரும்பி வருவதற்குள் யானை அறுவடையை முடித்துவிடும்.

யானைக்கு வெடி கொழுத்தலாமே என்பீர்கள். வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடிக்கும் தட்டுப்பாடுதான். போதவில்லை என்று விவசாயிகள் கத்தாத போகம் இல்லை. 2023-ல் மட்டும் நாடெங்கும் 470-க்கு மேற்பட்ட யானைகளும் 160-க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்தச் சண்டையில் செத்தார்கள்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொன்னால் நாக்கு அழுகும். 2023-ல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர கண்டுபிடித்தார். வழக்குப் போட்டார்கள், குரங்குகள் விசா இல்லாமல் தப்பின. 2025 மார்ச் 15 காலை 8 மணி முதல் 8.05 வரை, சரியாக ஐந்து நிமிடம், நாட்டு மக்கள் எல்லாரும் தத்தம் காணியில் நின்று குரங்கும் மயிலும் மரஅணிலும் எண்ண வேண்டும் என்று ஆணை பிறந்தது. எண்ணினோம். குரங்கு 50 லட்சத்துக்கு மேல், மயில் 40 லட்சத்துக்கு மேல் என்று கணக்கு வந்தது. துவக்குக் கேட்டவனுக்குக் கடதாசியும் பேனாவும் கிடைத்தது. அந்த ஐந்து நிமிடமும் குரங்கு மரத்தில் இருந்து எங்களை எண்ணியிருக்கும்; அதன் கணக்குத்தான் சரியாக இருந்திருக்கும்.

ஆனால் தட்டுப்பாடே தெரியாமல் வாழ்கிறவர்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள். பூசணிக்காய்க்குள் வெடிமருந்து பொதிந்து வைக்கிற ‘ஹக்க பட்டாஸ்’காரனுக்கு மருந்து கிடைக்கிறது, அதைக் கடிக்கிற யானைக்குட்டி தாடை கிழிந்து நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. எங்கள் கடலில் டைனமைட் எறிந்து மீன் பிடிக்கிறவனுக்கும் கிடைக்கிறது. ஒரே இராணுவ முகாமிலிருந்து 73 ரி-56 துவக்குகள் பாதாள உலகத்தின் கைக்குப் போயின என்று 2025-ல் அரசாங்கமே சொன்னது. அந்த ஆண்டு பெப்ரவரி 19-ல் கொழும்பு நீதிமன்றத்துக்குள், நீதிவானின் கண்ணெதிரே, சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் ஒருவன் கைதியைச் சுட்டுக் கொன்றான். கைத்துப்பாக்கி வந்த வழி, நடுவில் குடைந்தெடுத்த சட்டப் புத்தகம். உரிமம் கேட்டு அலைகிற விவசாயிக்கு இதைவிடத் தெளிவாகச் சட்டத்தின் பயனை யாரும் விளக்கியிருக்க முடியாது.

ஆகவே, கனவான்களே, ரவைத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசத் திருகோணமலைக்கு வந்துவிட்டீர்கள். இனி எங்கள் கணக்கையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

2006 ஜனவரி 2, மாலை. காந்தி சிலைக்குப் பக்கத்துக் கடற்கரை. ஐந்து மாணவர்கள். பொழுதுபோக்கத்தான் வந்திருந்தார்கள், அவர்களும். கையில் இருந்த குண்டு தானாகவே வெடித்துச் செத்தார்கள் என்று படைத்தரப்பு அறிவித்தது. பிணவறையில் எடுத்த படங்கள் தலையில் வெடி பட்டதைக் காட்டின. படங்களை எடுத்து வெளியிட்ட ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுகிர்தராஜனை அதே மாதம் 24-ஆம் திகதி, இதே நகரத்தில், சுட்டுக் கொன்றார்கள். அன்றைக்கும் ரவைக்குத் தட்டுப்பாடு இருக்கவில்லை. விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேர் மீது வழக்கு வந்தது. 2019 ஜூலை 3-ல் போதிய சாட்சியம் இல்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 13 பேரையும் விடுவித்தது.

2008-லும் 2009-லும் கொழும்புப் பக்கம் கடத்தப்பட்ட 11 பேர் இதே கடற்படைத் தளத்துக்குள், ‘கன்சைட்’ என்று அவர்கள் பேர் வைத்திருந்த இடத்தில், அடைக்கப்பட்டிருந்தார்கள் என்று வழக்குப் பதிவானது. 2015-ல் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஐ.நா. செயற்குழு வந்து அந்த இடத்தைப் பார்த்தது. குற்றஞ்சாட்டப்பட்டிருந்த முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னகொட மீதான வழக்கைத் தொடரப்போவதில்லை என்று 2021-ல் சட்டமா அதிபர் சொன்னார். அந்த ஆண்டின் கடைசியில் கரன்னகொட வடமேல் மாகாண ஆளுநர் ஆனார். வெலிசறையில் நம்மவன் உரிமத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது இந்தக் கடற்படையின் வாசலில்தான்.

கடைசியாக உங்கள் ரவைக்கே வருகிறேன். பொயின்ட் டூ டூ என்பது அங்குலக் கணக்கில் சன்னத்தின் விட்டம். எம்-16 துவக்கின் 5.56 மில்லிமீற்றர்ச் சன்னமும் ஏறக்குறைய அதே தடிப்புத்தான். வித்தியாசம் பின்னால் இருக்கும் மருந்தில். விட்டம் என்ற இந்தச் சின்ன விஷயம் எங்களுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் கொட்டியாரக்குடாவின் அக்கரையில் ஒரு படுகொலை விசாரணை அதில்தான் இடறி விழுந்தது.

2006 ஓகஸ்ட் 4. மூதூர். ‘அக்சன் பாம்’ என்ற பிரெஞ்சு நிவாரண அமைப்பின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேரை அவர்களுடைய அலுவலக வளவுக்குள் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். பலர் முகங்குப்புறக் கிடந்தார்கள். உடல்களைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தபோது கூட இருந்த அவுஸ்திரேலியத் தடயவியல் நிபுணர் மல்கம் டொட், ஒரு சன்னம் 5.56 போலத் தெரிகிறது என்று எழுதினார். 7.62 என்றால் நாட்டில் எந்தத் தரப்பிடமும் இருந்த ரி-56. 5.56 என்றால் கேள்வி சில கைகளை மட்டும் நோக்கிப் போகும். பிறகு அரசாங்கப் பகுப்பாய்வாளரின் அறிக்கை 7.62 என்றது. நிபுணரும் அதற்கு உடன்பட்டார். இடையில் சன்னத்துக்கு என்ன நடந்தது என்று சர்வதேசச் சட்டவியலாளர் ஆணைக்குழு 2007-ல் கேட்டது. மனிதன் இறந்தபின் மெலிவான், பார்த்திருக்கிறோம்; மண்டையோட்டுக்குள் இருந்த ஈயம் தடித்த அதிசயம் எங்கள் மாவட்டத்தில்தான் நடந்தது.

சொட்கன் தோட்டா ஒன்றை வாங்க விவசாயி தன் பெயர், காணி, பயிர், நடத்தை எல்லாவற்றுக்கும் கடதாசி காட்ட வேண்டும். மூதூரில் செலவான ரவைகளுக்கு யாரும் எங்கேயும் ஒரு கடதாசியும் காட்டவில்லை. அந்த 17 பேரின் கொலைக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.