கல் மெய், முகவரி பொய்

பூஜ்ஜியத்தை உலகுக்குக் கொடுத்தவர்கள் நாம் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோம். கற்களை நடக்கவைத்தவர்களும் நாம்தான் என்பதை ஏனோ அடக்கத்தால் சொல்லாமல் விடுகிறோம். மொராக்கோவின் எர்ஃபூத் பாலையில் பிறந்த சுருள் ஓட்டுப் படிவங்கள், பாஸ்போர்ட் இல்லாமல், விசா இல்லாமல், சுங்கச் சோதனைக்கும் நிற்காமல் இமயமலை ஏறின. நியூயார்க் மாநிலத்தின் ஆம்ஸ்டெல் ஓடைக்கரையில் கிடந்த மணலளவு நுண்படிவங்களும் அதே திசையில் புறப்பட்டன. ஏறத்தாழ 37 கோடி ஆண்டு அசையாமல் கிடந்தவற்றுக்கு இந்த வேகத்தை அருளிய மகான், சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் விஸ்வ ஜித் குப்தா.

கால் நூற்றாண்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள். உடன் கையெழுத்திட்டவர்கள் நூறு பேருக்கும் மேல். மாதத்துக்கு ஒரு கண்டுபிடிப்பு. இப்படி ஒருவர் எழுதித் தள்ளினால் நமக்குச் சந்தேகம் வராது, பொறாமைதான் வரும். பொறாமைக்குப் பயந்தே பலர் சந்தேகத்தை விழுங்கினார்கள்.

இந்த மோசடியின் அழகைக் கவனியுங்கள். கல் போலியே இல்லை. சுத்தியலால் தட்டினாலும், அமிலத்தில் கரைத்தாலும், நுண்ணோக்கியில் வைத்தாலும் அது அசல் புதைபடிவம். பொய் சொன்னது, இமயமலையில் கிடைத்தது என்று கல்லின் கீழே ஒட்டிய சீட்டு மட்டும். புதைபடிவ ஆய்வில் கல்லுக்குப் பாதி மதிப்பு, அது கிடைத்த இடத்துக்கு மீதிப் பாதி. எந்தக் கடல் எங்கே இருந்தது, எந்த நிலம் எதோடு ஒட்டியிருந்தது என்ற கணக்கெல்லாம் அந்தச் சீட்டை நம்பித்தான் போடப்படுகிறது. சீட்டை மாற்றினால் கண்டமே இடம் மாறும்.

அந்த இடம் எங்கே ஐயா என்று கேட்டால்? இன்ன ஊருக்கு வடக்கே, இன்ன சாலைக்கு அருகே, ஒரு மலைச்சரிவில். இமயமலையில் சரிவுக்கா பஞ்சம்? தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் கிடையாது. கண்டகி ஆற்றில் எடுத்த சாளக்கிராமத்துக்கு யாரும் ஊர், சரிவு, பாறை அடுக்கு கேட்பதில்லை. பூஜைக்கு நம்பிக்கை போதும். அந்தச் சலுகையை ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் நீட்டித்த பெருந்தன்மை நம்முடையது.

உடன் எழுதிய நிபுணர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். தபாலில் கல் வந்தது. பெயர் சூட்டி, வயது குறித்து, வருணித்து அனுப்பினார்கள். கல்லைப் பார்த்தார்கள், மலையைப் பார்க்கவில்லை. பிறகு கட்டுரையில் தங்கள் பெயரைப் பார்த்தார்கள், திருப்தியானார்கள். மதிப்புரையாளர்கள் அந்தப் பெயர்களைப் பார்த்தார்கள், அவர்களும் திருப்தியானார்கள். ஒரே படிவத்தின் படம் வெவ்வேறு இடங்களின் பெயரில் அச்சேறியபோதுகூட இதழ்கள் கண் சிமிட்டவில்லை. இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரை நம்பினார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றவரிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகத்து ஜான் டேலன்ட்டுக்கு அந்த வாய் வந்தது. 1987-இல் கனடாவின் கால்கரியில் நடந்த மாநாட்டில், குப்தாவின் இமயமலைப் படிவங்களும் மொராக்கோ படிவங்களும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருப்பதை அவர் படம் போட்டுக் காட்டினார். மொராக்கோ சரக்குக்காக அவர் சிகரம் ஏறவில்லை. அது பாரிஸ் கடையில் காசுக்குக் கிடைத்தது. 1989-இல் நேச்சர் இதழில், ஊர்சுற்றும் புதைபடிவங்களின் வழக்கு என்ற தலைப்பில் உலகறிய எழுதினார். குப்தா மறுத்தார். மறுப்பது அவர் உரிமை. மலையைக் காட்டுவது அவர் கடமை. உரிமையை மட்டும் பயன்படுத்திக்கொண்டார்.

நம் அறிவுலகம் அப்போது செய்த காரியத்தைச் சொன்னால் வயிறு எரியும். திருட்டைவிட, திருட்டை வெளிநாட்டுக்காரன் சொன்னதுதான் சிலருக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. உள்ளூரில் சந்தேகப்பட்டவர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்தவரை தேசத்தின் மானம் பத்திரமாக இருந்ததாம்! குழு அமைத்தார்கள், கோப்பு நகர்ந்தது, விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கல் கடல் கடந்த வேகத்தில் கால் பங்கு வேகம் கோப்புக்கு இல்லை. சில காலம் பணியிடை நீக்கம், பிறகு மீண்டும் நாற்காலி. 2002-இல் முறைப்படி ஓய்வு பெறும் வரை அவர் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்.

பத்து ரூபாய் பண்டத்துக்கு ரசீது கேட்டு நிற்கும் குமாஸ்தாக்கள் நிறைந்த நாடு இது. பஸ் டிக்கெட்டைத் தொலைத்தால் பயணப்படியை வெட்டுவார்கள். ஒரு மலைத்தொடரின் வரலாற்றையே தொலைத்தவருக்கு ஓய்வு பெறும் வரை சம்பளம்! பொய்ச் சீட்டை நம்பி ஆய்வைத் தொடங்கிய மாணவனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? இல்லாத சரிவைத் தேடி அவன் தேய்த்த செருப்புக்கு எந்தக் குழு பதில் சொல்லும்? குப்தா எழுதியதில் எது மெய், எது பொய் என்று பிரிக்கும் வேலை, பொய்யே சொல்லாதவர்கள் தலையில் விழுந்தது. பொய் சொன்னவருக்கு ஒரு மேஜை போதுமாக இருந்தது. அதைத் திருத்த ஒரு தலைமுறை மலையேற வேண்டியிருந்தது.

இதைத் தனிமனிதனின் பேராசை என்று முடித்துவிடுவது சுகம். பேராசைக்காரர்கள் எந்தக் காலத்திலும் இருப்பார்கள். கட்டுரையை எண்ணிப் பதவி கொடுத்தது யார்? ஆதாரத்தைப் பூட்டிவைக்க அனுமதித்தது யார்? கேள்வி கேட்டவனை மரியாதை தெரியாதவன் என்றது யார்? அவர்களுக்கு ஒரு நாள்கூடப் பணியிடை நீக்கம் கிடையாது.

நம்பிக்கை மனிதர்களுக்குக் கொடுக்க வேண்டியது, கட்டுரைக்கு அல்ல. இனி எந்தப் பேராசிரியர் எந்தப் பட்டத்தோடு வந்து ‘என்னை நம்புங்கள்’ என்றாலும் மலையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள். காட்டிய இடத்தில் கல் இல்லையென்றால் ஆளைத் திருப்பி அனுப்புங்கள், ஓய்வு பெறும் வயதுக்குக் காத்திருக்காமல்.