மாமிட அலுமாரிக் குளிசை

இஞ்ச வா மகள், மூஞ்சியத் தொங்கப் போடாத. பிரசர் 150க்கு 100 எண்டு மிசி கர்ப்பக் காட்ல எழுதினதுக்கா இந்த அழுகை? உன்ட உம்மா ஓதின தண்ணி கொண்டுவந்திரிக்காவாம். நல்லது. குளிசைய அந்தத் தண்ணியிலயே விழுங்கு, ரெண்டும் சண்டை புடிக்காது.

ஆனா உனக்கு வேற கவலை. மருதமுனை மச்சிக்கு நிஃபெடிபின், நிந்தவூர் ராத்தாக்கு லபெட்டலோல், உனக்கு மட்டும் பழைய மெத்தில்டோபாவாம். நான் பழைய மருத்துவிச்சி, சொல்றன் கேளு. மூண்டும் நம்மட ஊர் மாப்பிள்ளைமார் மாதிரித்தான். பொண்ணூட்டுக்கு வந்து குந்தினாப் பொறகுதான் குணம் தெரியும். மெத்தில்டோபா மூத்தவன், அறுபதுகள்ல இருந்து இரிக்கான். அவனக் குடிச்ச தாய்மார்ட புள்ளையள ஏழரை வயசு மட்டும் பாத்தாங்க, பெருசா ஒரு கோளாறும் காணல்ல. என்ன, ஆள் தூங்குமூஞ்சி. உன்ட மனசையும் கொஞ்சம் சோர வெப்பான். அதாலதான் புள்ள பொறந்த கையோட டொக்டர்மார் அவன மாத்துறது. லபெட்டலோல் நல்லவன், தொய்வுக்காரிக்குத்தான் ஆகாது. நிஃபெடிபின் கெதிக்காரன், தலையிடியும் கால்வீக்கமும் கூட்டிட்டு வருவான்.

இந்தியாவுல நாக்பூர்ல மூண்டு பேரையும் போட்டிக்கு விட்டாங்க. பிரசர் மேல 160ஓ கீழ 110ஓ, இல்ல அதுக்கும் மேல ஏறின 894 தாய்மார். முடிவு 2019ல லான்செட் மருத்துவச் சஞ்சிகையில வந்திச்சு. ஆறு மணித்தியாலத்துக்குள்ள ஆபத்தில்லாம பிரசர் அடங்கினது நிஃபெடிபினுக்கு 100க்கு 84, லபெட்டலோலுக்கு 77, மெத்தில்டோபாவுக்கு 76. மச்சிட குளிசை வெண்டுட்டு எண்டு குதிக்காத. அது உச்சிக்கு ஏறின பிரசர அண்டைக்கே இறக்குற போட்டி. நீ மாசக்கணக்காக் குடிக்கப் போறவ. கடைசியா வந்தவனே நாலுல மூண்டு பேரக் கரை சேத்திரிக்கான், அதையும் பாரு.

எனக்கு இந்த மூண்டு பேர்லயும் பயமில்ல. பயமெல்லாம் உன்ட மாமிட அலுமாரியில. அவவும் பிரசர்காரி, பாசமான மனுசி. "இதுவும் பிரசர் குளிசதான் மகள், எனக்கு நல்லாக் கேட்டது" எண்டு ஒண்டு நீட்டுவா. லொசார்டனோ எனலாப்ரிலோ, அவக்கு நல்ல மருந்து. உன்ட வயித்துப் புள்ளட சிறுநீரகத்தக் கெடுத்து, பன்னீர்க்குடத் தண்ணிய வத்த வெக்கிற சாமான். மாமி வட்டிலப்பம் தந்தா மறுக்காமத் தின்னு. குளிசை தந்தா "சோறு திண்டுட்டுப் போடுறன் மாமி" எண்டு வாங்கி மடியில முடிஞ்சு, எம்.ஓ.எச். கந்தோர்ல கொண்டுபோய்க் காட்டு. உன்ட குளிசைய நீயா நிப்பாட்டவும் கூடாது, கூட்டவும் கூடாது. மச்சியோட மாத்திக் குடிக்கிறத நினைச்சும் பாக்காத.

தலையிடி விடாமப் புடிச்சு, கண் மங்கி, நெஞ்சுக்குழிக்குக் கீழ நொந்தா மாமிட்டயும் கேக்காத, என்னட்டயும் வராத. ராவெண்டாலும் ஓட்டோவப் புடிச்சு அஷ்ரஃப் ஞாபகார்த்த ஆஸ்பத்திரிக்குப் போ. வலிப்பத் தடுக்கிற மக்னீசியம் சல்பேட் ஊசி ஆஸ்பத்திரியிலதான் இரிக்கி, என்ட வெத்திலை வட்டாவுக்குள்ள இல்ல.