நல்லாசிரியரும் நாலு ஃபிளெக்ஸும்

செப்டம்பர் 5 வந்தால் கல்வியியல் கல்லூரிகளுக்கு ஞாபகசக்தி பெருகிவிடுகிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் பி.எட். முடித்துப் போனவர் தமிழக அரசின் நல்லாசிரியர் விருதான டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது வாங்கினால், மறுநாளே வாசலில் ஃபிளெக்ஸ். ‘எங்கள் முன்னாள் மாணவர்’ என்ற எழுத்து பெரிதாக இருக்கும். விருது பெற்றவர் முகம் மூலையில் ஸ்டாம்ப் அளவில். நடுவில் தாளாளர் கைகூப்பி நிற்பார். அவருக்கு என்ன விருது என்று யாரும் கேட்பதில்லை.

1958-இல் தொடங்கிய தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018 முதல் ஆசிரியர்களே இணையத்தில் நேராக விண்ணப்பிக்கலாம். சிபாரிசுக்கு அலைய வேண்டாம்; நல்ல மாற்றம்தான். ஆனால் நல்லவர் என்று நிரூபிக்க ஆவணம், புகைப்படம், வீடியோ எல்லாம் ஏற்ற வேண்டும். ஆகவே சில பள்ளிகளில் மரக்கன்று நடும்போது குழிக்கு முன்னால் கேமரா தயாராகிறது. கடைசி பெஞ்சுப் பையனுக்கு வாய்ப்பாடு மனப்பாடமானதைப் படம் பிடிக்க இன்னும் வழி வரவில்லை. அதைச் செய்தவரிடம் ஏற்றுவதற்கு ஒன்றும் இருக்காது.

தேசிய விருதுக்கு வெள்ளிப் பதக்கமும் 50,000 ரூபாயும் உண்டு. மாநில விருதுக்கு 10,000 ரூபாய். அதில் சால்வைகளுக்குப் பதில் மரியாதை, சக ஆசிரியர்களுக்கு ட்ரீட், ஸ்வீட் பாக்ஸ் போக மிச்சம் அவருக்கே.

விருது பெற்ற உங்கள் ஆசிரியரை வாழ்த்தப் போகிறீர்களா? தயவுசெய்து சால்வை வேண்டாம். வகுப்புக்கு இரண்டு பெட்டி சாக்பீஸ் வாங்கிக் கொடுங்கள்.